நீக்கப்பட்ட ஆறு செடிகள்

விதை வங்கியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, வைத்தவர் கெட்டிக்காரர். முப்பது கத்தரிச் செடிகள் வரிசையாக நின்றால், அதில் எது விரற்கடை உயரம் கூடுதல் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். ஒரு செடியின் இலையில் மட்டும் முள் இருந்தால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில், கணவரின் சட்டையில் ஐந்து பொத்தான் ஒரு நிறமும் ஆறாவது வேறு நிறமுமாக இருந்ததைக் கண்டு, பஸ் நிறுத்தத்திலிருந்தே அவரை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தாள் என்று ஒரு கதை உண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

விதை வங்கி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த கத்தரி விதைகள், அறுநூற்று நாற்பது வகை, எண் எழுதிய உறைகளில் குளிரறையில் தூங்குகின்றன. குண்டு, நீளம், வெள்ளை, ஊதா, வரிபோட்டது, கசப்பது, கசக்காதது என்று உலகத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும். யாராவது புது ரகம் உருவாக்க நினைத்தால் இங்கேதான் அப்பா அம்மா தேட வேண்டும். விதையும் காலத்துக்கும் தூங்காது, செத்துப்போகும். அதனால் ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் எடுத்து விதைத்து, முப்பது செடி வளர்த்து, பூச்சி நுழையாமல் வலைக்கூண்டு கட்டி, காயைப் பழுக்கவிட்டுப் புது விதை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை சல்லடையுடையது.

உள்ளே எது போனதோ அதுவே வெளியே வர வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. கலப்பு என்று தோன்றும் செடியை மகரந்தம் பரவும் முன்பே பிடுங்க வேண்டும், எரிக்க வேண்டும், கள நோட்டில் 'நீக்கப்பட்டவை' என்ற கட்டத்தில் எண்ணிக்கையும் காரணமும் எழுத வேண்டும். இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் கூண்டுக்குள் நுழைந்து பார்த்தால் முப்பது செடியும் சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள்போல நிற்கும். வெளியிலிருந்து வரும் விருந்தாளிகளை இயக்குநர் முதலில் அங்கேதான் கூட்டிவருவார்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் அந்த வம்பு கிளம்பியது.

வாடல் டாக்டர் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மருத்துவர் இல்லை, செடிகளின் வாடல் நோயை ஆராய்பவர். சின்ன வயது. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற குணம் அவருக்கு. டீ ஏன் இன்றைக்குச் சீக்கிரம் ஆறிவிட்டது என்று கேன்டீன்காரரைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்துக் கேட்டவர். அந்த வருடம் சுற்று வட்டாரத்தில் கத்தரி பயிரிட்ட எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் செடி பச்சைப் பசேலென்று நிற்கும். மதியம் தலை தொங்கும். மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிருமி வேர் வழியாக ஏறிக் குழாயை அடைத்துவிடுகிறது, மருந்தடித்துப் பயனில்லை. கிருமியைத் தாங்குகிற ஒரு செடி கிடைத்தால் அதை நல்ல ரகத்தோடு சேர்த்துப் புது ரகம் எடுக்கலாம். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அறிக்கை ஒன்றை டாக்டர் எங்கிருந்தோ தோண்டி எடுத்திருந்தார். நானூற்றுப் பதினேழாம் எண்ணில் முப்பது நாற்றுக்கு நோய் கொடுத்துப் பார்த்தபோது ஆறு பிழைத்தன என்று அதில் இருந்தது.

ஒரு காலையில் டாக்டர் கூண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"அக்கா, நானூத்திப் பதினேழு எல்லாமே போச்சு."

"எல்லாமேன்னா?"

"தொண்ணூறு நாத்து வெச்சேன். ஒண்ணுகூட நிக்கலை. அன்னைக்கு அஞ்சுல ஒண்ணு பிழைச்சிருக்கு, இன்னைக்கு தொண்ணூறும் காலி. அதே எண், அதே வங்கி. எப்படிக்கா?"

எப்படி என்பதற்கு இயக்குநரிடம் விடை தயாராக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முறை பதினோரு மணி நேரம் மின்சாரம் போய்க் குளிரறை சூடாகிவிட்டது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. அன்று குளிரறைப் பொறுப்பாளர் லீவு. அவரை எல்லோரும் ஐஸ்பெட்டி அண்ணன் என்பார்கள். கொளுத்துகிற வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடும், அதிகம் பேசாத மனிதர். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. விதை கெட்டதற்கு அவர் கவனக்குறைவே காரணம் என்று இயக்குநர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். தலைமையகம் அதை ஏற்றுக்கொண்டால் அண்ணன் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த இடத்திலிருந்து கெட்ட பெயரோடு வெளியே போக வேண்டும்.

சல்லடைக்கு அது நியாயமாகவே பட்டது. ஐஸ்பெட்டி அண்ணனின் அலமாரிகள் ஒழுங்காக இருந்து அவள் பார்த்ததில்லை. வாடல் டாக்டர்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"சூடு பட்டா விதை சாகும் அக்கா, குணம் மாறாது. செத்திருந்தா முளைச்சே இருக்காது. இது நூத்துக்குத் தொண்ணூத்தாறு முளைச்சிருக்கு. வேற என்னமோ நடந்திருக்கு. எனக்கு உங்க கண்ணு வேணும்."

கண்ணைப் புகழ்ந்தால் சல்லடை எதற்கும் வந்துவிடுவாள். முதலில் கடமைக்குத்தான் போனாள். இரண்டாம் நாள் அவளுக்கும் அந்த ஏன் ஒட்டிக்கொண்டது. பல் துலக்கும்போதெல்லாம் நானூற்றுப் பதினேழு ஞாபகம் வந்தது.

லேபிள் மாறியிருக்குமோ என்று பார்த்தார்கள். முன்னும் பின்னும் இருந்த எண்களையும் சேர்த்து விதைத்து ஒப்பிட்டார்கள், எதுவும் மாறவில்லை. வலையில் ஓட்டை விழுந்து தேனீ புகுந்து பக்கத்துக் கூண்டின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்குமோ என்று டாக்டர் கேட்டார். சல்லடைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வலையில தேனீயா? காத்தே என்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வரும்" என்றாள். நோய்க் கிருமியே இப்போது முரட்டுத்தனமாகிவிட்டதோ என்றும் பார்த்தார்கள். அந்தக் கால அறிக்கையில் நோயைத் தாங்கியதாக இருந்த வேறு இரண்டு காட்டு வகைகள், நல்ல ரகத்தோடு சேராதவை, இப்போதும் தாங்கின. நானூற்றுப் பதினேழு மட்டும்தான் சுருண்டு விழுந்தது.

கடைசியில் டாக்டர் சேகரிப்புக் கோப்பைத் தேடி எடுத்தார். முப்பது வருடத்துக்கு முன் அந்த விதையைக் கொண்டுவந்தவர் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தார். யாரோ வீட்டுப் பின்பக்கம், சுவரோரம் ஐந்து கத்தரிச் செடிகள். நான்கு செடிகளின் தண்டு ஊதா, இலை வழவழப்பு. சல்லடையின் கூண்டில் நிற்பவற்றை அச்சு எடுத்தாற்போல இருந்தன. ஐந்தாவதின் தண்டு பச்சை, இலை நரம்பெல்லாம் முள், காய் சின்னதாக, கோணலாக. படத்தின் பின்னால் 'ஒரே வீட்டு விதை, ஒரே குடுவை' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

"இது என்னக்கா?"

"கலப்பு."

"எதோட கலப்பு?"

"கலப்புன்னா கலப்புதான். பார்த்தாலே தெரியலையா?"

"ஒரே குடுவையில இருந்து போட்டிருக்காங்க. அவங்க வருஷா வருஷம் இப்படித்தான் கலந்து கட்டியே விதைச்சிருப்பாங்க. இந்தக் கூட்டம் மொத்தமும் சேர்ந்தாத்தானே நானூத்திப் பதினேழு? நம்ம வீட்டுல நாலு பிள்ளைக்கு நேர் முடி, ஒண்ணுக்கு மட்டும் சுருட்டை முடின்னா, அதை அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிடுவோமா?"

டாக்டர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சல்லடை புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தவள், நேராகப் பதிவறைக்குப் போய் நான்கு கள நோட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் வேலை நேரம் முடியுமுன் கிளம்பியது அந்த இருபத்திரண்டு வருடத்தில் அதுவே முதல் தடவை. வாசல் காவலாளி யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளை விரித்தாள். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நானூற்றுப் பதினேழை அவள் நான்கு முறை வளர்த்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த வருடம்: நீக்கப்பட்டவை ஆறு. காரணம்: பச்சைத் தண்டு, இலையில் முள். ஏழு வருடம் கழித்து: நான்கு. அதே காரணம். அதற்கடுத்து: ஒன்று. கடைசியாக மூன்று வருடத்துக்கு முன்: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அவள் சிவப்பு மையால் போட்டிருந்தாள். போட்ட அன்று இரண்டு கடலை மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டதுகூட ஞாபகம் இருந்தது.

முப்பதில் ஆறு. டாக்டரின் பழைய அறிக்கையிலும் முப்பதில் ஆறுதான்.

நோயைத் தாங்கும் குணம் அந்த முள்ளுச் செடிகளுக்குள்தான் இருந்திருக்கிறது. அவற்றை ஒவ்வொரு தடவையும் தேடித் தேடிப் பிடுங்கி, எரித்து, எழுதி வைத்திருக்கிறாள். தேனீ செய்யவில்லை, மின்சாரம் செய்யவில்லை. ஐஸ்பெட்டி அண்ணனின் தலையில் விடிந்திருக்கும் பழி முழுக்க அவளுடையது. அவள் நோட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வந்தார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார். அவள் திடீரென்று தலையை நிமிர்த்தி, "உங்க தங்கச்சி மேல இருக்காளா?" என்று கேட்டாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளாக நாத்தனாரை விசாரித்தால் வீட்டில் ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

நாத்தனார் மாடியில் குடியிருந்தாள். மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள். கண்ணில் படும் எதையும் கிள்ளிக்கொண்டு வந்து நட்டுவிடும் கை அவளுடையது. பூங்கா, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எந்த இடமும் பாக்கி கிடையாது. சல்லடை வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்த நாத்தனார், எரிப்பதற்காகக் குவித்திருந்த செடிகளைப் பார்த்து, "அண்ணி, தூக்கித்தானே போடப்போறீங்க, ரெண்டு குடுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறாள். விதிப்படி ஒரு இலைகூட வெளியே போகக்கூடாது என்று சல்லடை எல்லோர் முன்னிலையிலும் அவளை விரட்டிவிட்டாள். அதற்காக நாத்தனார் ஆறு மாதம் பேசவில்லை.

இப்போது மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறும்போது, கைப்பை ஒன்று காணோம் என்றால் முதலில் சந்தேகப்படும் அந்த நாத்தனார் அன்றைக்கு மட்டும் திருடியிருக்க வேண்டுமே என்று சல்லடை வேண்டிக்கொண்டாள். வாழ்க்கையில் எதற்காகவும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

நாத்தனார் பூவாளியோடு நின்றாள்.

"அன்னைக்கு எங்க ஆபீஸ்ல செடி கேட்டியே. நான் குடுக்க மாட்டேன்னு சொன்னேனே."

"மறக்குமா அண்ணி? நாலு பேர் முன்னாடி சொன்னீங்க."

"நான் அந்தப் பக்கம் திரும்பினப்ப, நீ ஏதாவது எடுத்தியா? ஒரு கிளை? ஒரு செடி? கோவிச்சுக்க மாட்டேன். எடுத்தேன்னு மட்டும் சொல்லு."

நாத்தனாரின் முகம் சிவந்தது. "இருபத்திரண்டு வருஷம் கழிச்சு விசாரணையா? சத்தியமா எடுக்கலை. நீங்க முறைச்ச முறைப்புல எனக்குக் கை கால் ஓடலை. எரிஞ்சு முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னீங்களே!"

ஆமாம், நின்றிருந்தாள். எரிந்து முடியும் வரை நிற்பதும் விதிதான். சல்லடை தொட்டிகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அண்ணி, நான் திருடலைன்னா சந்தோஷம்தானே படணும்? ஏன் அழறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று இரவு அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. கள நோட்டை யார் படிக்கிறார்கள்? நான்கையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. டாக்டர் இன்னும் ஒரு மாதம் ஏன் ஏன் என்று கேட்டுவிட்டு வேறு எண்ணுக்குப் போவார். ஐஸ்பெட்டி அண்ணனுக்கு எப்படியும் எட்டு மாதம்தான். இப்படியெல்லாம் மனசு வக்கீல் வேலை பார்த்தது. ஆனால் இருபத்திரண்டு வருடம் தப்புச் செடியைத் தேடியே பழகிய கண் அது. தப்பு தன்னிடமே என்று தெரிந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது? விடியும் முன் முடிவு செய்துவிட்டாள்.

காலையில் நான்கு நோட்டுகளையும் இயக்குநரின் மேசையில் வரிசையாக அடுக்கினாள். வாடல் டாக்டரையும் ஐஸ்பெட்டி அண்ணனையும் அவளே கூப்பிட்டிருந்தாள். என்ன நடந்தது என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை இப்ப யாரு கேட்டாங்க?"

"நான்தான் கேட்டேன் சார்."

"அறிக்கை போயாச்சும்மா. குளிரறைன்னு எழுதியாச்சு."

"திருப்பி வாங்குங்க சார். அண்ணன் ஒண்ணும் பண்ணலை."

"உங்களுக்கே நல்லதுக்குச் சொல்றேன். இந்த நாலு நோட்டுலயும் என் கையெழுத்து இருக்கு."

"இருக்கு சார். பூஜ்யத்துக்குக் கீழ 'மிக நன்று'ன்னும் எழுதியிருக்கீங்க."

டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றினார். இயக்குநர் அந்தச் சிவப்புப் பூஜ்யத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. விருந்தாளிகளுக்குக் காட்ட ஓர் அழகான கூண்டு கிடைத்ததில் மயங்கிப்போன சாதாரண மனிதர். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மத்த வகைகள்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். "எல்லாத்துலயும் பிடுங்கியிருக்கேன் சார். அறுநூத்தி நாப்பதுலயும்."

ஐஸ்பெட்டி அண்ணன் ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று சல்லடை நினைத்தாள். கால் மணி நேரத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்து, அதை நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். டின் ஜில்லென்று வேர்த்திருந்தது.

"சார், இதுக்கும் சேர்த்து ஒரு அறிக்கை எழுதிக்கோங்க."

உள்ளே காக்கி நிறப் பழைய உறைகள். சேகரித்தவர் கொண்டுவந்த முதல் விதை. புது விதை எடுத்து உள்ளே வைத்த பிறகு, முளைப்பு குறைந்த பழைய விதையை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அழித்துவிட்டதாக அண்ணன் வருடா வருடம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஏன் அண்ணே?" என்று கேட்டது சல்லடைதான்.

"நூத்துல முப்பது முளைக்கும்மா. உசுரோட இருக்கறதைக் குப்பையில கொட்ட மனசு வரலை. அவ்வளவுதான். பெரிய யோசனையெல்லாம் ஒண்ணும் இல்லை."

சல்லடை உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லா எண்ணும் இல்லை. நூற்றுத் தொண்ணூறு வகைதான் தேறியது. நானூற்றுப் பதினேழு இருந்தது. எடுத்தாள். கனமே இல்லை. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'வாடல் சோதனைக்கு முப்பது விதை. மீதி இல்லை.' அவள் வேலைக்கு வருமுன்பே ஒருமுறை வளர்த்துப் புது விதை எடுத்துவிட்டதால், மிஞ்சிய முதல் விதையைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். நோயைத் தாங்கும் என்று கண்டுபிடித்த அந்தச் சோதனையே கடைசி விதையையும் தின்றிருந்தது.

அப்படி நானூற்றுப் பதினேழு போனது போனதுதான். அந்தச் சுவரோரத்து வீட்டுக்காரர்கள் எத்தனை தலைமுறையாகக் குடுவையில் போட்டு வைத்திருந்தார்களோ, அதை இவள் நான்கு தடவையில் தீர்த்துக்கட்டிவிட்டாள். அவள் அந்தக் காலி உறையை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாடல் டாக்டருக்கு மட்டும் வேறு ஒன்று தோன்றிவிட்டது.

"அக்கா, எல்லா வகையிலயும் பிடுங்கினதை இப்படித்தான் காரணத்தோட எழுதியிருக்கீங்களா?"

"ஒண்ணுவிடாம."

"அப்ப எந்தக் குடுவையில எந்த மாதிரிச் செடி ஒளிஞ்சிருந்ததுன்னு உங்க நோட்டுல இருக்கு! இந்த வங்கியில வேற யாருமே அதைக் கவனிச்சு எழுதலை. நல்லா இருந்ததைத்தான் எல்லாரும் எழுதியிருக்காங்க."

நான்கு நாள் இருவரும் பதிவறையில் உட்கார்ந்தார்கள். சல்லடை படிக்க, டாக்டர் குறித்துக்கொண்டார். ஐநூற்றைம்பத்திரண்டில் சின்ன இலை. முப்பத்தொன்றில் வெள்ளைப் பூ. இருநூற்றிரண்டில் பூஞ்சை தொடாத இலை. இதை ஏன் பிடுங்கினீங்க என்று டாக்டர் கேட்டார். "மத்த இருபத்தொன்பதையும் பூஞ்சை தொட்டிருந்தது. இது மட்டும் வேற மாதிரி இருந்தது" என்று சொல்லும்போதே அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாம் கூட்டியபோது இருபத்திரண்டு வருடத்தில் அவள் பிடுங்கியது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுச் செடிகள். ஆனாலும், தான் அழித்த செடிகளைப் பற்றித்தான் என்றாலும், அவளை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேள்வி கேட்டதில்லை. வெட்கமும் ஆவலும் ஒன்றாகவே வந்தன. இரண்டாம் நாள் மாலைக்குள் டாக்டர் கேட்கும் முன்பே அவள், "இது ஏன் இப்படி இருந்திருக்கும்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

'பச்சைத் தண்டு, இலையில் முள்' என்று ஒன்பது எண்களில் எழுதியிருந்தாள். அவற்றில் ஆறுக்கு டின்னில் உறை இருந்தது. நூற்றிருபது விதை போட்டார்கள். நாற்பத்தொன்று முளைத்தது. முப்பத்து நான்கு வழவழவென்று ஊதாத் தண்டோடு அவள் கண்ணுக்குப் பழகிய அழகோடு வளர்ந்தன. ஏழு பச்சையாக, கோணல்மாணலாக, முள்ளும் தானுமாக நிமிர்ந்தன. தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் அவள் கை தன்னையறியாமல் அந்த ஏழின் பக்கம் நீளும். சட்டென்று இழுத்துக்கொள்வாள். ஒருநாள் நாத்தனாரையே கூட்டிவந்து காட்டினாள். "இதுக்குத்தானா அன்னைக்கு அத்தனை ஆர்ப்பாட்டம்? பார்க்கவே சகிக்கலையே" என்றாள் நாத்தனார்.

நோய்க் கிருமி கலந்த தண்ணீரை ஊற்றும் முன், ஒவ்வொன்றிலும் ஒரு கிளையை வெட்டி வேறு கூண்டில் வேர்விட வைத்தார்கள். கடைசிப் பிரதியைச் சோதனையில் தின்றுவிடும் பேச்சுக்கே இனி இடமில்லை என்று சல்லடை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குளிரறைமேல் பழி போட்ட அறிக்கையை இயக்குநர் திருப்பி வாங்கியிருந்தார். அதற்குப் பதிலாகப் போன கடிதத்தில் தன் பெயரையும் சேர்த்து எழுதியிருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஐஸ்பெட்டி அண்ணனின் டின்னுக்கு ஓர் அலமாரி கிடைத்தது. சல்லடைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் அதை மடிக்காமல் கோப்பில் வைத்தாள்.

கிருமித் தண்ணீர் ஊற்றிய பன்னிரண்டாம் நாள் காலை, சோதனைக் கூடத்தின் கதவை அவள்தான் முதலில் திறந்தாள். பின்னால் டாக்டரும் அண்ணனும் வந்தார்கள். யாரும் முந்திக்கொள்ளவில்லை.

ஊதாத் தண்டு அழகிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. முள்ளுச் செடிகள் ஏழில் நான்கும் விழுந்திருந்தன. மூன்று நின்றன. அதே கோணலோடு, அதே முள்ளோடு, இலையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றன. சல்லடைக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையைப் பார்த்தவள், "இங்க வாங்க" என்று கத்தினாள். இருபத்தாறாம் தொட்டியில் ஊதாத் தண்டு ஒன்றும் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் செத்துக்கிடந்த முப்பத்து மூன்றுக்கும் அதற்கும் ஒரு முடியளவு வித்தியாசத்தை அந்தச் சல்லடைக் கண்ணாலும் காண முடியவில்லை.

"இது ஏன் பிழைச்சது?" என்றாள்.

"தெரியலையே அக்கா" என்றார் டாக்டர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நாற்பத்தொன்றில் நான்கு. செத்தவற்றை அப்படியே விடக்கூடாது, நோய் பரவும். சல்லடை கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டாள். வழவழப்பான, சீரான, அளவெடுத்து வளர்ந்த செடிகள். போன வருடம் என்றால் இயக்குநர் விருந்தாளிகளுக்குக் காட்டியிருப்பார். முடித்ததும் கள நோட்டைத் திறந்தாள். நீக்கப்பட்டவை என்ற கட்டத்தில் முப்பத்தேழு என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

'செத்துவிட்டது' என்று எழுதினாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவள் அந்தக் காரணத்தை எழுதியதே இல்லை.